நோவு என்னும் தூது



இம்மலரைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்துத் தூணோரம் சற்றே அமர்ந்திருக்கும் இந்நேரத்தில், உங்கள் உடல் உங்களிடம் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். விடியற்காலை முதல் வரிசையில் நின்ற முழங்கால் சொல்லும். பேரக் குழந்தையை இடுப்பில் சுமந்து வந்த முதுகு சொல்லும். "பெருமாளை ஸேவிக்க வந்த இடத்தில் இதையெல்லாம் பார்க்கலாமா?" என்று அதன் வாயை அடைத்துவிட்டு எழுந்து நடப்பதே நம்மில் பலருக்கு வழக்கம். இரண்டொரு நாள் களைப்பாயின் அவ்வாறு செய்வதில் பிழையில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓர் உறுப்பு சொல்லிவரும் சொல்லையும் நாம் இவ்வாறே அடைத்துவிடுகிறோம். அந்தச் சொல்லைக் குறித்தே இக்கட்டுரை. உடலின் நோவை ஒரு தூதனை வரவேற்பதுபோல் வரவேற்றுக் கேட்கக் கற்றுக்கொண்டால், மனத்தில் வெகுநாள் ஆறாதிருக்கும் புண்ணும் ஆறத் தொடங்கும் என்பதே அடியேன் விண்ணப்பம் செய்ய வந்த பொருள்.

இலங்கைக்கு வந்த தூது

ஸ்ரீராமாயணத்தில் தூதின் பெருமையைச் சொல்ல வந்தது ஸுந்தர காண்டம். வந்த தூதன் ஒருவனே. அவன் சொல்லைக் கேட்க நேர்ந்தவர்களோ இருவர்: அசோகவனத்தில் பிராட்டி, அரசவையில் இராவணன்.

இராவணன் செய்தது யாது? தூதன் கூறிய சொல் தனக்குக் கசந்தது என்பதற்காக அவனைக் கொன்றுவிடுமாறு ஆணையிட்டான். தூதனைக் கொல்வது அறமன்று என்று விபீஷணன் எடுத்துரைத்தான். அதன்பின் கொலையை விட்டான். ஆயினும் வாலில் தீ வைக்கச் சொன்னான். அந்தத் தீயே இலங்கையை எரித்தது. தூதனுக்காகப் பரிந்து பேசிய விபீஷணனுடைய மாளிகையை மட்டும் திருவடி எரிக்காது விட்டார் என்று வால்மீகி பகவான் சொல்லிவைக்கிறார். சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் அடித்தால், சொல்லாய் வந்தது தீயாய்ப் பரவும் என்பதை இதனின்றும் அறியலாம்.

பிராட்டி செய்தவற்றை வரிசையாக நோக்கவேண்டும். வந்தவன் இராவணனே மாறுவேடம் பூண்டு வந்தானோ என்று முதலில் ஐயுற்றாள், உடனே நம்பிவிடவில்லை. பெருமாளுடையவும் இளையபெருமாளுடையவும் திருமேனி அடையாளங்களைச் சொல்லுமாறு கேட்டுச் சோதித்தாள். மெய்யான தூதன் என்று தெளிந்தபின் அவன் சொன்னதை முழுவதும் செவிமடுத்தாள். தன் முதுகில் ஏற்றிச் சென்றுவிடுவதாகத் திருவடி கூறியபோது அதனை ஏற்கவில்லை. முடிவில் வெறுங்கையோடு அனுப்பாமல், சூடாமணியைத் தந்து, காகத்தின் வரலாற்றை அடையாளமாகச் சொல்லி, மறுமொழியும் உரைத்தனுப்பினாள்.

சோதித்தாள், கேட்டாள், தூதன்மேல் ஏறிக்கொள்ள மறுத்தாள், மறுமொழி தந்தாள். உடல் அனுப்பும் தூதையும் நாம் இம்முறையிலேயே எதிர்கொள்ளல் வேண்டும். அதனைப் பின்னே விரித்துரைப்போம்.

நோவு இல்லாதவர் படும் பாடு

நோவே இல்லாதிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினையாதவர் இல்லை. அவ்வாறு இல்லாது போனவர்களின் நிலையை நம் நாட்டிலேயே ஒருவர் கண்டு உலகுக்குச் சொன்னார். கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு பிறந்தவரும், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றவருமான டாக்டர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவரே அவர். தொழுநோயாளர்களின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்பதே அந்நாள்வரை பலருடைய எண்ணம். நோயாளிகளோடு நெருங்கிப் பழகிக் கூர்ந்து நோக்கிய அவர், கேட்டின் பெரும்பகுதி வேறு வகையில் வருவதைக் கண்டார். நோய் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. உணர்ச்சி போனபின் சூடான பாத்திரத்தை எடுத்தாலும் தெரிவதில்லை. காலில் ஆணி ஏறினாலும் நடையை நிறுத்தத் தோன்றுவதில்லை. கவனிப்பாரற்ற காயங்களே கையையும் காலையும் குறைத்துவிடுகின்றன. நோவு இல்லாமையே அவர்களுக்கு நோயாயிற்று. நோவு ஒரு கொடை என்று பிற்காலத்தில் அவர் நூல் எழுதியதன் பின்னணி இதுவே.

இனி, உடலின் நோவுக்கும் மனத்தின் துயருக்கும் தொடர்பு உண்டோ எனில், உண்டு என்றே இற்றை மருத்துவமும் சொல்லுகிறது. நோவைப் பற்றி ஆராயும் பன்னாட்டு மருத்துவச் சங்கம் 1979-இல் நோவுக்கு ஓர் இலக்கணம் வகுத்து, அதனை 2020-இல் திருத்தி அமைத்தது. இரண்டிலும் நோவு என்பது புலனுணர்வும் மனவுணர்வும் சேர்ந்ததோர் அநுபவம் என்றே கூறப்பட்டிருக்கிறது. ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் ஓர் இதயநோயை விவரித்தார்கள். நெருங்கிய ஒருவரின் மறைவு போன்ற பேரதிர்ச்சிக்குப்பின், பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த பெண்மணிகளுக்கு வருவது அது. இதயத்தின் இடக் கீழறை உப்பி, அந்நாட்டு மீனவர் நீராளி என்னும் கடலுயிரைப் பிடிக்க இறக்கும் பானையின் வடிவத்தை அடைகிறது. அப்பானையின் பெயரையே நோய்க்கும் இட்டார்கள். "நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது" என்று துக்க வீட்டில் சொல்லுவதை இனி வெறும் பேச்சென்று தள்ள இயலாது. இவ்வாறு நோவுற்றவர் பலரும் உரிய மருத்துவத்தால் தேறிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தோழி கண்ட நோய்

மருத்துவர்கள் இந்நாளில் சொல்லுவதை நம்மாழ்வார் பெண் பேச்சிலே வெகுநாளைக்கு முன்பே அருளிச்செய்திருக்கிறார். திருவாய்மொழியில் நான்காம் பத்தின் ஆறாம் திருமொழியை நினைவுகூர்க.

பராங்குச நாயகி நோயுற்றிருக்கிறாள். உடல் மெலிந்தது, நிறம் மாறிற்று. வீட்டார் கலங்குகிறார்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். ஆயினும் நோயின் மூலத்தை அறியாதவர்கள். ஏதோ ஒரு சிறு தெய்வம் தீண்டிற்று என்று கருதிக் கட்டுவிச்சியை அழைத்து வெறியாட்டு எடுக்க முற்படுகிறார்கள். கள்ளும் இறைச்சியும் படைக்க ஆயத்தமாகிறது. அப்போது தோழி குறுக்கே வந்து தடுக்கிறாள். இவளுக்கு வந்த நோய் இன்னதென்று நாம் அறிந்துகொண்டோம், இதற்கு நீங்கள் செய்வது மருந்தன்று என்கிறாள். எம்பெருமானிடத்தில் வைத்த காதலே இவள் உடம்பில் நோயாய்த் தோன்றியது. அவன் திருநாமத்தை இவள் செவியில் படும்படி சொல்லுங்கள், அவன் அடியார்களுடைய பாததூளியைப் பூசுங்கள், இதுவே மருந்து என்று முடிக்கிறாள்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது, தோழிக்கு மட்டும் உண்மை விளங்கியது எங்ஙனம் என்பது. அவள் கட்டுவிச்சியினும் கற்றவள் அல்லள். நாயகியோடு உடனிருந்தவள், எப்போது முதல் மெலிந்தாள், எந்தப் பெயரைக் கேட்டால் கண் நிறைகிறது என்பதை அருகிருந்து அறிந்தவள். வீட்டார் நோயைப் பார்த்தார்கள். தோழி நோயாளியைப் பார்த்தாள். நம் உடலுக்கு நாமே அத்தகைய தோழியாக வேண்டும்.

ஒன்றை இங்கே தெளிவாக்குவோம். நாயகியின் நோய் பகவத் காமத்தால் வந்தது. நம் நோவுகள் அவ்வளவு உயர்ந்தவை அல்ல. அவை பெரும்பாலும் அழாத அழுகையாலும், சொல்லாத சொல்லாலும், மன்னிக்காத மனத்தாலும் இறுகிப் போனவை. எனினும் உடம்பில் தெரிவதற்கு உள்ளத்தில் மூலம் இருக்கலாம் என்னும் உண்மை இரண்டுக்கும் பொது.

அடியேன் கண்டது

பிறருக்குச் சொல்லும் முன் தன் அநுபவத்தைச் சொல்லுதல் முறை.

அடியேனுடைய தகப்பனார் மூன்று ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு அவரை வலத்தோளில் சாய்த்துத் தூக்கி, கிழக்கு நோக்கி அமர்த்துவது என் பணி. அந்நிலையிலும் அவர் அநுஸந்தானத்தை விட்டதில்லை. ஒருமுறை அலுவல் நிமித்தமாக வெளியூர் செல்ல நேர்ந்தது. இரண்டே நாள். மறுநாள் விடியற்காலையில் அவர் பரமபதித்தார். அடியேன் வந்து சேர்ந்தபோது கிழக்கு நோக்கித் திரும்பிய தலையைக் கண்டேனே ஒழியக் கண்களைக் காணவில்லை.

பன்னிரண்டு நாள் காரியங்களும் குறைவறச் செய்தேன். "கண்ணீர் விடாமல் எவ்வளவு தைரியமாகச் செய்தார்" என்று உறவினர் மெச்சினார்கள். அந்த மெச்சலில் ஒரு பெருமையும் இருந்தது. ஆறு மாதம் கழிந்து வலத்தோளில் நோவு தோன்றிற்று. நாளடைவில் திருமண் இட்டுக்கொள்ளக் கையை உயர்த்தவும் இயலாமல் போயிற்று. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் கோளாறில்லை, மூட்டைச் சூழ்ந்த தசை இறுகியிருக்கிறது என்று கூறிப் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். பாதி குணமாயிற்று. மறுபாதி அசையாது நின்றது. அதிலும் விடியற்காலையில் அது என்னை எழுப்பிவிடும்.

மறு ஆண்டு எங்கள் ஊர் உத்ஸவத்தில் பெருமாள் தோளுக்கினியானில் எழுந்தருளினார். மண்டகப்படியில் இறக்கிவைத்திருந்த நேரம். ஸ்ரீபாதம் தாங்குவோரில் முதியவர் ஒருவர் தோளில் மடித்துப் போட்ட துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். தோளில் காய்ப்பு ஏறியிருந்தது. "பெரியவரே, இத்தனை வருஷத்தில் தோள் வலித்ததே இல்லையா?" என்று கேட்டேன்.

"வலிக்காம இருக்குமா ஸ்வாமி? வலிச்சா பக்கத்திலே இருக்கிறவன்கிட்டே சொல்லித் தோள் மாத்திப்போம். சொல்லாமே வீறாப்பா சுமந்தா, ஒருநாள் பெருமாளையே சாய்ச்சுடுவோம்" என்றார்.

அவர் எனக்காகச் சொன்னதன்று. தம் தொழிலின் நியாயத்தைச் சொன்னார். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தோள் என்னை எழுப்பிய மணி நான்கு என்பது அன்றுதான் நினைவில் உறைத்தது. எழுந்து, தகப்பனார் படுத்திருந்த இடத்தில் கிழக்கு நோக்கி உட்கார்ந்தேன். இடக்கையை வலத்தோளில் வைத்துக்கொண்டேன். "அப்பா, அன்றைக்கு நான் இல்லை" என்ற ஒரு சொல் வந்தது. அதன்பின் சொல்ல ஒன்றும் வரவில்லை. ஓராண்டு தாமதித்த அழுகை அன்று வந்தது. அடுக்களையிலிருந்து வந்த என் மனையாள் ஒன்றும் கேட்கவில்லை, அருகில் அமர்ந்தாள்.

மறுநாளே கை உயர்ந்துவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன். பயிற்சியைத் தொடர்ந்தேன், சில மாதங்களில் திருமண் இட்டுக்கொள்ள முடிந்தது. மார்கழிக் குளிரில் அந்நோவு இன்றும் எட்டிப் பார்க்கிறது. முன்பெல்லாம் அது வந்தால் எரிச்சல் வரும். இப்போது தகப்பனார் நினைவு வருகிறது.

கேட்கும் முறை

பிராட்டி காட்டிய வழியையே முறையாகக் கொள்ளலாம்.

முதலாவது, சோதித்தல். எந்த நோவையும் முதலில் மருத்துவரிடம் காட்டவேண்டும். மனத்துயர்தான் என்று நாமே முடிவு கட்டுவது, கட்டுவிச்சியை அழைப்பதற்கு ஒப்பாகும். மார்பு நோவு கைக்கோ தாடைக்கோ பரவினாலும், மூச்சுத் திணறினாலும், இதற்குமுன் அறியாத கடுந்தலைவலி திடீரெனக் கண்டாலும், ஒரு கை கால் சோர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் ஒரு கணமும் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்க. மேலே சொன்ன ஜப்பானியர் கண்ட நோயும் மாரடைப்பும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். மருத்துவமனையில்தான் பிரித்தறிய முடியும். காரணமின்றி உடல் மெலிந்தாலும், நோவோடு காய்ச்சல் நீடித்தாலும் காட்டுக. மருத்துவர் தரும் மருந்து தூதனைக் கொல்வதன்று. அவன் இளைப்பாற நீர் தருவது.

இரண்டாவது, கேட்டல். மாலையில் விளக்கேற்றியபின் கால் நாழிகை தனித்து அமர்க. நோவுள்ள இடத்தில் கையை வைத்து, மூச்சு இயல்பாக ஓடட்டும் என்று விடுக. பின்னர் மெல்ல வினவுக. இது எப்போது வந்தது? அதற்குச் சற்று முன்பு என் வாழ்வில் நேர்ந்தது என்ன? எந்த வேளையில் மிகுகிறது, யாருடைய பேச்சை எடுத்தால் இறுகுகிறது? யாரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்? விடையைப் பிடித்திழுக்க வேண்டா. சில நாள் ஒன்றும் தோன்றாது. ஒன்றும் இல்லாமலேயும் இருக்கலாம். எல்லா நோவுக்கும் உள்ளே ஒரு துயரம் ஒளிந்திருக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. முழங்கால் தேய்ந்தால் முழங்கால் தேய்ந்தது, அவ்வளவே.

மூன்றாவது, தூதன்மேல் ஏறாதிருத்தல். நோவைக் கேட்பது வேறு, நோவே தானாகிவிடுவது வேறு. நாள் முழுதும் அதையே எண்ணுவதும், காண்பவரிடமெல்லாம் அதையே பேசுவதும் கேட்டலாகா. குறித்த நேரம் கேட்டபின், எழுந்து அன்றாட வேலையைப் பார்க்கவேண்டும். பழைய துயரம் தாங்கமுடியாதபடி மேலெழுந்தால், உயிரை வெறுக்கும் எண்ணம் தோன்றினால், தனித்து அமர்வதை நிறுத்தி உடனே வீட்டாரிடம் சொல்லி மனநல மருத்துவரை நாடுக. அதில் குறைவொன்றும் இல்லை.

நான்காவது, மறுமொழி. கேட்டதற்கேற்ப ஏதேனும் செய்தாலொழியத் தூது நிறைவுறாது. அழவேண்டியதாயின் அழுதுவிடுக. பொறுத்தருளுமாறு கேட்கவேண்டியவர் உயிரோடிருந்தால் இவ்வுத்ஸவம் முடிந்து ஊர் திரும்பியதும் அவர் வீட்டுப் படியேறுக. சுமை மிகுதியென்று நோவு சொன்னால், ஸ்ரீபாதம் தாங்குவோரைப்போல் பக்கத்திலிருப்பவரிடம் தோள் மாற்றிக்கொள்க. வீட்டில் ஒருவரே நோயாளியைக் கவனித்து, ஒருவரே சமைத்து, ஒருவரே பொறுத்துவரும் இல்லங்களில் உள்ளோர், பெரும்பாலும் பெண்மணிகள், இதனை மனத்தில் கொள்ளல் வேண்டும். அவ்வில்லங்களின் ஆண்மக்கள் அதனினும் மிகுதியாகக் கொள்ளல் வேண்டும்.

சொல்லி வேண்டுதல்

நோவைப் பெருமாளிடத்தில் சொல்லுதல் பக்திக்குக் குறைவோ என்று சிலர் ஐயுறுவர். பெரியாழ்வார் ஒரு திருமொழியில் நோய்களை விளித்தே பாடினார். நெய்க்குடத்தில் ஏறும் எறும்புகளுக்கு ஒப்பிட்டு, இவ்வுடல் இப்போது எம்பெருமான் பள்ளிகொண்ட இடம், முன்புபோல் காவலற்றதன்று என்று அவற்றிடமே பேசினார். தம் ஆசிரியருடைய வாதநோயைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்று சொல்லப்படும் மேல்பத்தூர் நாராயண பட்டதிரி, பதினாறாம் நூற்றாண்டில் குருவாயூரப்பன் ஸந்நிதியில் நூறு தசகங்கள் கொண்ட ஸ்ரீமந் நாராயணீயத்தை இயற்றினார். அத்தசகங்களில் பெரும்பாலானவற்றின் முடிவில் தம் நோயைப் போக்குமாறு வெளிப்படையாகவே வேண்டுகிறார். பகவானுடைய லீலைகளைப் பாடும் நூலில் தம் உடம்பின் வேதனைக்கு இடமில்லை என்று அவர் கருதவில்லை.

எம்பெருமான்தானும் வடுவை மறைப்பவனல்லன். திருவல்லிக்கேணியில் பார்த்தஸாரதி உத்ஸவர் திருமுகத்தில் பாரதப்போரின் அம்புத் தழும்புகளோடு ஸேவை ஸாதிக்கிறார். திருமலையில் அனந்தாழ்வான் எறிந்த கடப்பாரையால் பட்ட புண்ணுக்கென்று திருமோவாயில் பச்சைக்கர்ப்பூரம் சாத்தப்படுகிறது. புண்ணுக்கு மருந்திடுவதே அங்கு நித்ய கைங்கர்யமாயிற்று.

ஆகையால், பிறர் நோவுறும்போது "உன் வினை" என்று சொல்லி வாயடைப்பது வைஷ்ணவனுக்குத் தகாது. அருகமர்ந்து, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பதே தகும்.

எதனை ஓர் உயிர் தன் பயனுக்காகவே தாங்கி நியமிக்கிறதோ, எது அவ்வுயிருக்கே அடங்கியிருக்கிறதோ, அதுவே உடல் என்று இலக்கணம் வகுத்தார் ஸ்ரீபாஷ்யகாரர். அவ்வாறு நாம் அனைவரும் எம்பெருமானுக்கு உடல். தன் உடலில் எழும் நோவை உடையவன் அறியாதிருப்பானோ? அவன் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்னும் துணிவோடு, அவனுடைய உடைமையாகிய இவ்வுடலை நாமும் கேட்போமாக.

இனி ஒரு சிறு விண்ணப்பம். இப்பக்கத்தை மூடிவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள். உங்கள் முழங்காலின்மேல் சற்றே கையை வையுங்கள். பிறகு அருகிலிருப்பவரையும், உங்களோடு வந்த முதியவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். புறப்பாட்டுக்கு இன்னும் நேரமிருக்கிறது.